பிக்-அப் டீசலில் தண்ணீரும் கசடும்: வண்டி நிற்பதற்கு முன்னும் நின்ற பின்னும் அறிய வேண்டியவை

மலாக்கா மாநகரை ஒட்டிய பாச்சாங்கிலிருந்து செங், பத்து பெரெண்டாம், டுரியான் துங்கல், ஜாசின் என்று எந்தப் பக்கம் போனாலும் பிக்-அப் வண்டிகள் கண்ணில் படாமல் இருப்பதில்லை. காலையில் சந்தைக்குக் காய்கறி, பிற்பகலில் செம்பனைக் குலை, வார இறுதியில் கல்யாண மண்டபத்துக்கு அண்டாவும் நாற்காலியும் என்று ஒரே வண்டி பல வேலைகளைச் செய்கிறது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த பல குடும்பங்களுக்கு அந்த வண்டிதான் கடை, அதுவே முதல். அது ஒரு வாரம் பட்டறையில் நின்றால் வருமானமும் நின்றுவிடும். வங்கித் தவணை மட்டும் நிற்காது.

டீசல் பிக்-அப் திடீரென்று நின்றுபோவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் செலவு மிகுந்தது கெட்ட எரிபொருள். டீசலில் தண்ணீரோ மண்ணோ வேறு எண்ணெயோ கலந்திருந்தால், சில கிலோமீட்டர் ஓட்டத்திலேயே பம்பும் இன்ஜெக்டரும் பாழாகிவிடலாம். இது எப்படி நேர்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, நேர்ந்த பின் பணத்தை எப்படிக் கேட்பது என்பதைப் பார்ப்போம்.

ஒரே இரவில் 19 வண்டிகள்

இந்தியாவின் மத்தியப் பிரதேச மாநிலத்தில் 2025 ஜூன் 26ஆம் தேதி இரவு நடந்த சம்பவம் இதற்கு நல்ல உதாரணம். மறுநாள் ரட்லாம் நகருக்கு வரவிருந்த முதலமைச்சர் மோகன் யாதவின் பயண அணிக்கான கார்கள் அங்குள்ள ஓர் எண்ணெய் நிலையத்தில் டீசல் அடித்தன. புறப்பட்ட சிறிது தூரத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக 19 வண்டிகள் நின்றன. தொட்டிகளைக் கழற்றிப் பார்த்தபோது டீசலோடு தண்ணீரும் கொட்டியது. 20 லிட்டர் அடித்த வண்டியில் 10 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் இருந்ததாகச் செய்திகள் கூறின. அதே நிலையத்தில் எண்ணெய் அடித்த வேறு வண்டிகளும் வழியில் நின்றன. அதிகாரிகள் நிலையத்துக்குச் சீல் வைத்தார்கள். இந்தூரிலிருந்து மாற்று வண்டிகள் வரவழைக்கப்பட்டன. மழைநீர் நிலத்தடித் தொட்டிக்குள் கசிந்திருக்கலாம் என்று அப்போது காரணம் சொல்லப்பட்டது.

முதலமைச்சரின் வண்டி என்பதால் இரவோடு இரவாக அதிகாரிகள் வந்து தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். காய்கறி ஏற்றும் ஒருவரின் வண்டி தனியாக நின்றால் யாரும் அப்படி வரமாட்டார்கள். அவர் தம் ஆதாரத்தைத் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வசதியான நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2023 ஆகஸ்ட் மாத இறுதியில், இடாலியா சூறாவளி நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் தாம்பா துறைமுகக் கிடங்கிலிருந்து போன பெட்ரோலில் டீசல் கலந்துவிட்டது தெரியவந்தது. நமக்கு அருகிலேயே, 2022இல் சிங்கப்பூரில் மாசுபட்ட எரிபொருள் சுமார் 200 கப்பல்களுக்கு விநியோகிக்கப்பட்டு, அவற்றில் 80 கப்பல்கள் வரை கோளாறுகளைச் சந்தித்தன.

டீசலில் கலப்பவை எவை?

முதலாவது தண்ணீர். டீசலைவிடத் தண்ணீர் கனமானது என்பதால் தொட்டியின் அடியில் தங்கும். நிலத்தடித் தொட்டியின் மூடி வழியாக மழைநீர் இறங்கலாம். வண்டியின் தொட்டியிலேயே பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறி, காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியலாம். தொட்டி பாதி காலியாகவே ஓடும் வண்டிகளில் இது அதிகம். வெள்ளத்தில் இறங்கிய வண்டிக்கும் இந்த ஆபத்து உண்டு. 2022 ஜனவரி வெள்ளம் போன்ற நாள்களில் தண்ணீர் ஏறிய பகுதியில் நிறுத்தியிருந்த வண்டியை, தொட்டியைச் சோதிக்காமல் முடுக்குவது சரியல்ல.

எவ்வளவு தண்ணீர் இருந்தால் கெடுதல்? ஐரோப்பிய டீசல் தரம் ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராம் தண்ணீரை மட்டுமே அனுமதிக்கிறது. 40 லிட்டர் டீசலுக்குக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 7 மில்லிலிட்டர், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி. அதற்கு மேல் தண்ணீர் இருக்கக்கூடாது.

இரண்டாவது மண், துரு, தூசி. பழைய தொட்டியின் உள்சுவர் துருவும், திறந்த வாளியில் ஊற்றும்போது விழும் தூசியும் இதில் அடங்கும்.

மூன்றாவது கிருமி. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் கொழகொழப்பான பாசிபோல் இருக்கும் அது ஃபில்டரை அடைத்துவிடும். புது ஃபில்டர் போட்டும் சில வாரத்தில் மறுபடி அடைத்தால் இதைச் சந்தேகிக்கலாம். தண்ணீர் இல்லாத இடத்தில் இந்தக் கிருமி வளராது.

நான்காவது, வேண்டுமென்றே செய்யும் கலப்படம். இந்தியாவில் மானிய விலை மண்ணெண்ணெய் பல்லாண்டுகளாக டீசலில் கலக்கப்பட்டு வந்தது. அதைக் கண்டுபிடிக்கத்தான் மானிய மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் சேர்த்தார்கள். இந்தக் கலப்படத்தைத் தடுக்க முயன்றவர்கள் உயிரையே இழந்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் கோலாரைச் சேர்ந்த மஞ்சுநாத் சண்முகம், எண்ணெய் நிறுவன அதிகாரியாக உத்தரப் பிரதேசத்தில் பணியாற்றியவர். கலப்படம் செய்த நிலையத்தின் மீது நடவடிக்கை எடுத்ததற்காக 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 ஜனவரியில் மகாராஷ்டிராவின் மன்மாட் அருகே கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவானே எண்ணெய்க் கலப்படக் கும்பலால் எரித்துக் கொல்லப்பட்டார்.

மலேசியாவில் வேறு வகையான ஆசை உண்டு. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் மானியம் சீரமைக்கப்பட்டு, லிட்டர் 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னாக உயர்ந்தது. தகுதியுள்ள தனியார் டீசல் வண்டி உரிமையாளர்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் புடி மடானி திட்டத்தில் மாதம் 200 வெள்ளி உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. குறிப்பிட்ட சரக்கு வாகனங்களுக்கு மட்டும் சிறப்பு அட்டை மூலம் பழைய விலை நீடித்தது. இரண்டு விலை இருக்கும் இடத்தில் கள்ளச் சந்தையும் தலைதூக்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத மலிவு டீசலை வாங்குவோருக்கு இரட்டை ஆபத்து. டீசல் 1961ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் பொருள் என்பதால் சட்டச் சிக்கல் ஒன்று. வண்டி கெட்டால் காட்டுவதற்கு ரசீது இல்லை என்பது மற்றொன்று.

பழைய வண்டி தாங்கியது, புதியது ஏன் தாங்குவதில்லை?

“அப்பா காலத்து ஹைலக்ஸ் எந்த எண்ணெயையும் குடித்தது” என்று சொல்வோர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பழைய டீசல் இயந்திரங்களில் பம்பின் அழுத்தம் குறைவு. பாகங்களுக்கு இடையிலான இடைவெளியும் சற்றுத் தாராளம். 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலிருந்து ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், நவாரா, ரேஞ்சர் போன்றவை ‘காமன் ரெயில்’ முறைக்கு மாறின. இதில் டீசல் 2,000 பார் அளவுக்கு அழுத்தப்பட்டு, ஊசிமுனையைவிட நுண்ணிய துளைகள் வழியாகப் பீய்ச்சப்படுகிறது. இன்ஜெக்டரின் உள்ளே நகரும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் தனியாக மசகு எண்ணெய் கிடையாது. அவற்றின் வழியே ஓடும் டீசல்தான் மசகு. டீசலுக்குப் பதில் தண்ணீர் ஓடினால் உலோகம் உலோகத்தோடு உரசும். பம்பிலிருந்து உதிரும் உலோகத் துகள் குழாய் வழியாக நான்கு இன்ஜெக்டர்களுக்கும் போய்ச் சேரும். அதன் பிறகு ஒரு பாகத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. தொட்டி, குழாய், பம்ப், ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். அந்தச் செலவு பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டுவதும் உண்டு.

பயோடீசல் மீது பழி சரியா?

மலேசிய டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த மெத்தில் எஸ்டர் கலந்திருக்கிறது. 2011இல் மலாக்கா உள்ளிட்ட மத்தியப் பகுதி மாநிலங்களில் 5 விழுக்காட்டுக் கலவையோடு இது தொடங்கியது. பின்னர் பி7 வந்தது, 2019இல் பி10 நடைமுறைக்கு வந்தது. 2021 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் யூரோ 5 தரம் கட்டாயமானது. அதில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராம் மட்டுமே. பழைய யூரோ 2 வகையில் அது 500 வரை இருந்தது. இப்போது நிலையங்களில் யூரோ 5 பி10, யூரோ 5 பி7 என்று இரண்டு வகை விற்கப்படுகின்றன. பி7 விலை லிட்டருக்கு 20 சென் அதிகம்.

பயோடீசலுக்கு நன்மையும் உண்டு, கவனிக்க வேண்டிய குணமும் உண்டு. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்புக் குறைகிறது. செம்பனை எஸ்டர் அதை ஈடுசெய்கிறது. ஆனால் அது சாதாரண டீசலைவிட ஈரத்தை அதிகமாக உறிஞ்சும், நெடுநாள் வைத்திருந்தால் கெடும். மேலும் பழைய தொட்டியில் ஒட்டியிருக்கும் கசட்டைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். அதனால் பல ஆண்டு ஓடிய வண்டியில் தொடக்கத்தில் ஃபில்டர் சீக்கிரம் அடைப்பது உண்டு. இதைக் கலப்படம் என்று எண்ணிவிடக்கூடாது. வண்டியின் கையேடு எந்தக் கலவை வரை அனுமதிக்கிறது என்று பார்த்து, பம்பின் மீதுள்ள எழுத்தைப் படித்து அடிப்பதே சரி.

தோட்டத்துத் தோம்பில் கவனம்

எண்ணெய் நிலையம் தொலைவாக உள்ள தோட்டங்களிலும் சிறு நிலங்களிலும் இயந்திரங்களுக்கான டீசலைத் தோம்பில் வைத்திருப்பது வழக்கம். எவ்வளவு வைத்திருக்கலாம், அதற்கு அனுமதி வேண்டுமா என்பதை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் மாநில அலுவலகத்தில் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நிலையத்தில் நல்ல டீசல் வாங்கினாலும், வைக்கும் முறையில் அது கெட்டுப்போகலாம்.

தோம்பை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தால் மேல்மூடியில் மழைநீர் தேங்கும். பகலில் தோம்பு சூடேறி உள்ளிருக்கும் காற்று வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் காற்றை உள்ளே இழுக்கும். அப்போது மூடியில் தேங்கிய நீர், திருகு இறுக்கமாக இருந்தாலும் உள்ளே இறங்கும். கூரைக்குக் கீழ் வைப்பது நல்லது. வெளியில் வைத்தே ஆக வேண்டுமானால், இரண்டு திருகுகளும் ஒரே மட்டத்தில் இடமும் வலமுமாக வரும்படி படுக்க வைக்க வேண்டும். அப்போது திருகுகளின் மேல் நீர் தேங்காது, உள்ளே டீசல் நிற்பதால் ஈரக் காற்றும் புகாது.

உறிஞ்சும் குழாயை அடிவரை விடாமல் நான்கு விரல் உயரத்தில் நிறுத்தினால் அடியில் படிந்த நீரும் கசடும் வராது. துத்தநாகம் பூசிய தகர வாளியும் பித்தளை, செம்புப் பாத்திரங்களும் டீசலுக்கு ஆகாது. அந்த உலோகங்கள் பயோடீசலோடு வினைபுரிந்து கசடை உண்டாக்கும். களைக்கொல்லி அல்லது உரக் கரைசல் இருந்த டின்னை எத்தனை முறை கழுவினாலும் டீசலுக்குப் பயன்படுத்தக்கூடாது. வாங்கிய தேதியைத் தோம்பின் மீது எழுதி, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

அறிகுறிகள்

எண்ணெய் அடித்த சில நிமிடத்திலோ சில கிலோமீட்டரிலோ கோளாறு தொடங்கினால் எரிபொருளைச் சந்தேகிக்கலாம். இயந்திரம் இருமுவதுபோல் குலுங்கும். மேட்டில் இழுக்காது. வெள்ளைப் புகை வரும். முடுக்கியை மிதித்தாலும் வேகம் ஏறாமல், கணினியே இயந்திரத்தின் சக்தியைக் குறைத்துவிடும். பல வண்டிகளில் எரிபொருளில் தண்ணீர் இருப்பதைக் காட்டும் விளக்கு உண்டு. அது எரிந்தால் “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று ஓட்டக்கூடாது.

வாரக்கணக்கில் மெல்ல மெல்ல சக்தி குறைந்தால் ஃபில்டர் அடைப்போ வேறு பழுதோ காரணமாக இருக்கலாம். காலையில் மட்டும் முடுக்கச் சிரமம் என்றால் குழாயில் காற்றுக் கசிவு அல்லது பேட்டரி பலவீனம் என்று பட்டறையில் சோதிப்பார்கள். எல்லாப் பழுதையும் எண்ணெய் நிலையத்தின் மீது போட முடியாது.

எளிய சோதனை ஒன்று உண்டு. ஃபில்டரின் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து, சுத்தமான கண்ணாடிப் போத்தலில் சிறிது டீசல் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். நல்ல டீசல் தெளிவாக இருக்கும். தண்ணீர் இருந்தால் அடியில் தனி அடுக்காகப் பிரியும். கலங்கலாகவே நின்றால் நுண்துளிகளாகத் தண்ணீர் கலந்திருக்கலாம். அடியில் துகளோ கறுப்புப் பாசியோ படிந்தால் அதையும் குறித்துக்கொள்ளலாம்.

பெட்ரோலை மாற்றி அடித்துவிட்டால்

டீசல் வண்டியில் பெட்ரோல் அடிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. பெட்ரோலுக்கு வழவழப்பு இல்லை என்பதால் பம்ப் விரைவில் தேயும். நிலையத்திலேயே தவறு தெரிந்துவிட்டால், சாவியைத் திருப்பவே கூடாது. பல வண்டிகளில் சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுபோனாலே தொட்டிப் பம்ப் ஓடத் தொடங்கும். வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தி, இழுவை வண்டி கொண்டு பட்டறைக்குக் கொண்டுபோய்த் தொட்டியை வடித்தால் செலவு சில நூறு வெள்ளியோடு முடியலாம். “கொஞ்சம்தானே, டீசலை நிரப்பி ஓட்டினால் சரியாகிவிடும்” என்ற பேச்சைக் கேட்டால் அது பல ஆயிரத்தில் முடியும்.

நடுவழியில் நின்றால்

இயந்திரம் தடுமாறினால் ஓரமாக நிறுத்தி அணைத்துவிட வேண்டும். மறுபடி மறுபடி முடுக்கிப் பார்ப்பது கெட்ட டீசலை இன்னும் உள்ளே தள்ளும். எண்ணெய் அடித்த ரசீதையும், பம்பின் எண்ணையும், நேரத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். மின்பண மூலம் கட்டியிருந்தால் அந்தப் பதிவும் ஆதாரமே. அதே நேரத்தில் வேறு வண்டிகளும் நின்றிருந்தால் அவர்களின் தொடர்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பட்டறையில் தொட்டியை வடிக்கும் முன் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை: “மாதிரி எடுங்க.” தொட்டியிலிருந்து ஒன்று, ஃபில்டரிலிருந்து ஒன்று என்று இரண்டு சுத்தமான போத்தல்களில் பிடித்து, மூடி ஒட்டி, தேதியும் வண்டி எண்ணும் எழுதி, படம் எடுத்து வைக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களையும் வீசக்கூடாது. என்ன பழுது, என்ன காரணம் என்று பட்டறை எழுதிக் கொடுக்கும் அறிக்கை அவசியம். பல வழக்குகள் தோற்பதற்குக் காரணம் டீசல் நல்லதாக இருந்தது அல்ல, கெட்ட டீசல் சாக்கடைக்குப் போய்விட்டதுதான்.

எங்கே முறையிடுவது?

அன்றைக்கே நிலைய நிர்வாகியிடம் சொல்ல வேண்டும். நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, அளவுகோலில் ஒரு வகைப் பசையைத் தடவி இறக்குவார்கள். தண்ணீர் பட்டால் பசையின் நிறம் மாறும். அந்தச் சோதனையை நேரில் காட்டும்படி கேட்கலாம். அடுத்து எண்ணெய் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். விற்பனை தொடர்பான புகாரை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் தரலாம். எரிபொருளின் தரம் 2007ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தர விதிமுறைகளின் கீழ் வருவதால் சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

இழப்பீடு கிடைக்கவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த இம்மன்றம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. சம்பவம் நடந்த 3 ஆண்டுக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இச்சட்டம் சொந்த, குடும்ப, வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவரையே பயனீட்டாளர் என்கிறது. வியாபாரத்துக்கே ஓடும் பிக்-அப் என்றால் எதிர்த்தரப்பு இதைக் கேள்வியாக்கலாம். அத்தகையவர்கள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் 5,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இன்றித் தாங்களே வழக்குப் பதியலாம். அதைத் தாண்டும் தொகைக்கு வழக்கறிஞரின் ஆலோசனை வேண்டும்.

வண்டியின் உத்தரவாதத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. கெட்ட எரிபொருளால் வந்த சேதத்தைத் தயாரிப்பாளர்கள் பொதுவாக உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை. சாதாரண வாகனக் காப்புறுதியும் இயந்திரப் பழுதுக்குப் பணம் தருவதில்லை. பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே படித்துப் பார்ப்பது நல்லது.

மாதம் ஒரு முறை பத்து நிமிடம்

ஃபில்டரிலுள்ள தண்ணீரை மாதம் ஒரு முறை வடிக்கலாம். சேற்றுப் பாதையிலும் தோட்டத்திலும் ஓடும் வண்டிக்கு இது இன்னும் அவசியம். ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றினாலும் நட்டமில்லை. விலை மலிவு என்று பெயர் தெரியாத ஃபில்டர் போட்டால் நுண்துகள் தடைபடாது. தொட்டியைக் கால்பங்குக்குக் கீழே இறங்க விடாமல், இரவு நிறுத்தும் முன் நிரப்பி வைத்தால் ஈரம் படியும் இடம் குறையும். தொட்டி மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிட வேண்டும். நிலையத்தில் எண்ணெய் லோரி அப்போதுதான் டீசல் இறக்கிக்கொண்டிருந்தால், அடியில் இருந்த கசடு கலங்கியிருக்கும் என்பதால் சற்றுப் பொறுத்து அடிப்பது அல்லது வேறு நிலையத்துக்குப் போவது நல்லது.

வழக்கமாக அடிக்கும் நிலையத்தில் ஒவ்வொரு முறையும் ரசீது வாங்கி வண்டிக்குள்ளேயே ஓர் உறையில் போட்டு வைக்கும் பழக்கம் பாச்சாங் பக்கத்து வியாபாரிகளுக்கு ஒரு காசும் செலவு வைக்காது. டீசல் கெட்டுப்போய் வண்டி நிற்கும் நாளில், அந்த உறையும் இரண்டு போத்தல் மாதிரியும்தான் அவர்களின் கையில் இருக்கும் சாட்சி.